மிக்-21: வானில் ஒரு வாழ்வு, திரையில் ஒரு வாழ்வு

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகர் விமானத் தளத்தில் மிக்-21 போர் விமானங்களுக்கு இந்திய விமானப் படை விடை கொடுத்து அனுப்பியது. அப்போதைய விமானப் படைத் தளபதி ஏ.பி. சிங் அவர்களே ஒரு மிக்-21இல் ஏறிப் பறந்தார். 1963இல் இதே சண்டிகரில் தொடங்கிய 62 ஆண்டு சேவை அன்றுடன் முடிந்தது.

விமானப் படையில் முடிந்ததே தவிர, நம் வீட்டுக் கணிப்பொறிகளில் மிக்-21 இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறது. போர் விமான விளையாட்டுகளில் மிகவும் விரும்பப்படும் விமானங்களுள் இதுவும் ஒன்று. டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வளரும் நம் பிள்ளைகள் பலருக்கு இந்த விமானம் திரையில்தான் முதலில் அறிமுகமாகிறது. அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்குமாக இந்தப் பாடம். மிக்-21 எப்படிப்பட்டது, நம் நாட்டுக்கு என்ன செய்தது, விளையாட்டு அதை எந்த அளவுக்கு உண்மையாகக் காட்டுகிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

பிறப்பும் வருகையும்

'மிக்' என்பது மிகோயான், குரேவிச் என்னும் இரு சோவியத் வடிவமைப்பாளர்களின் பெயர்களைச் சேர்த்து அமைந்த பெயர். மிக்-21இன் முன்மாதிரிகள் 1955இல் பறக்கத் தொடங்கின. 1959 முதல் சோவியத் படையில் சேர்ந்தன. பிறகு உலகெங்கும் பல நாடுகளுக்குச் சென்றன. மொத்தம் 11,000க்கும் மேற்பட்ட மிக்-21கள் கட்டப்பட்டன. ஒலியை விட வேகமாகப் பறக்கும் விமானங்களில் இவ்வளவு எண்ணிக்கையில் வேறு எதுவும் உருவாக்கப்பட்டதில்லை.

இந்தியா இதைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1961இல் பாகிஸ்தானுக்கு அமெரிக்கா எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் விமானங்களைக் கொடுத்தது. அதற்கு ஈடான, ஒலியை மிஞ்சும் விமானம் அன்று நம்மிடம் இல்லை. 1962இல் இந்தியா மிக்-21ஐத் தேர்ந்தெடுத்தது. விமானத்தை விற்பதோடு அதை இந்தியாவிலேயே கட்டும் உரிமையையும் சோவியத் நாடு கொடுக்க முன்வந்தது முக்கியமான காரணம். 1963இல் சண்டிகரில் 28ஆம் ஸ்குவாட்ரன் இந்த விமானங்களுடன் தொடங்கப்பட்டது. ஒலியை மிஞ்சிய முதல் பிரிவு என்பதால் 'ஃபர்ஸ்ட் சூப்பர்சானிக்ஸ்' என்றே அதற்குப் பெயர். அதன் முதல் தலைவராக இருந்த தில்பாக் சிங் பின்னாளில் விமானப் படைத் தளபதியானார்.

பிறகு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் நாசிக்கில் விமானத்தையும், ஒரிசாவின் கோராபுட்டில் அதன் எஞ்சினையும் உருவாக்கத் தொடங்கியது. இவ்வாறு நம் நாட்டில் கட்டப்பட்டவை மட்டும் 657 விமானங்கள்.

எப்படிப்பட்ட விமானம்?

மிக்-21ஐப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு நீண்ட குழாய் போலத் தெரியும். குழாயின் முன்வாய் வழியே காற்று உள்ளே போகிறது. அந்த வாயின் நடுவே ஒரு கூம்பு இருக்கிறது. வேகத்திற்கு ஏற்ப இந்தக் கூம்பு முன்னும் பின்னும் நகர்ந்து, எஞ்சினுக்குச் செல்லும் காற்றைச் சீர்செய்யும். ரேடாரும் அந்தக் கூம்புக்குள்தான் அடங்கியிருக்கிறது. முக்கோண வடிவ இறக்கைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ 7 மீட்டர்தான். நீளமோ 14 மீட்டருக்கு மேல்.

இந்தச் சிறிய முக்கோண இறக்கைதான் விமானத்தின் பலமும் பலவீனமும். வேகமாகப் பறக்கும்போது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்; உயரத்தில் ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தை, அதாவது மணிக்கு 2,100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டும். மெதுவாகப் பறக்கும்போது அதே இறக்கை போதிய தாங்குசக்தி தருவதில்லை. ஆகையால் தரையிறங்க வரும்போதும் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வைத்திருக்க வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் தேவைப்படும்.

மற்றொன்று எரிபொருள். 'ஆஃப்டர்பர்னர்' என்பது எஞ்சினின் பின்பகுதியில் மேலும் எரிபொருளைப் பாய்ச்சி எரித்துக் கூடுதல் உந்துதல் பெறும் முறை. அதை முழுமையாகப் பயன்படுத்தினால் சிறிய மிக்-21இன் எரிபொருள் நிமிடங்களில் கரைந்துவிடும். எதிரியின் விமானம் வருகிறது என்றவுடன் சட்டென்று எழும்பி, இடைமறித்து, உடனே திரும்பி வருவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது இது. ஆனால் நம் படையில் குண்டுவீச்சு, கண்காணிப்பு, பயிற்சி என்று எல்லா வேலைக்கும் இது பயன்பட்டது.

போர்க்களத்தில்

1965 போரின்போது நம்மிடம் இருந்த மிக்-21கள் மிகச் சில. எனவே அவற்றுக்குப் பெரிய பங்கு இல்லை. 1971இல் நிலை மாறியது. டாக்காவின் தேஜ்காவ் விமானத் தளத்தின் ஓடுபாதையைக் குண்டுகளால் குழி தோண்டி, அங்கிருந்த பாகிஸ்தான் விமானங்கள் எழும்ப முடியாமல் செய்ததில் மிக்-21களுக்குப் பெரும் பங்கு உண்டு. டிசம்பர் 14ஆம் நாள் டாக்கா ஆளுநர் மாளிகையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது மிக்-21கள் அதன்மீது ராக்கெட்டுகளை ஏவின. கிழக்குப் பாகிஸ்தான் ஆளுநர் அன்றே பதவி விலகினார். இரண்டு நாட்களில் போர் முடிந்தது.

அதே போரில் டிசம்பர் 12ஆம் நாள் ஜாம்நகரைத் தாக்க வந்த எஃப்-104 ஒன்றை ஃப்ளைட் லெஃப்டினன்ட் பரத் பூஷண் சோனி தம் மிக்-21இல் துரத்திச் சென்று, பீரங்கியால் சுட்டுக் கட்ச் வளைகுடாவில் வீழ்த்தினார். எந்த விமானத்திற்கு ஈடுகொடுக்க மிக்-21 வாங்கப்பட்டதோ, பத்தாண்டுகள் கழித்து அதே விமானத்தை அது வென்றது.

1999 கார்கில் போரில் மே 27ஆம் நாள் நசிகேதா என்ற விமானியின் மிக்-27 எஞ்சின் அணைந்து, அவர் பாராசூட்டில் குதிக்க நேர்ந்தது. ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹூஜா தம் மிக்-21இல் அந்த அபாயமான பகுதியிலேயே வட்டமிட்டு, தோழர் விழுந்த இடத்தைத் தேடினார். ஏவுகணை தாக்கி அவரது விமானம் விழுந்தது. அவர் உயிர் நீத்தார். அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது.

2019 பிப்ரவரி 27ஆம் நாள் நடந்ததை எல்லோரும் அறிவோம். திருவண்ணாமலை மாவட்டத்துத் திருப்பணமூரைப் பூர்வீகமாகக் கொண்ட விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான், மேம்படுத்தப்பட்ட 'பைசன்' வகை மிக்-21இல் எல்லைக்கோட்டருகே வான்சண்டையில் ஈடுபட்டார். அவர் பாகிஸ்தானின் எஃப்-16 ஒன்றை வீழ்த்தினார் என்று இந்திய அரசு அறிவித்தது. பாகிஸ்தான் அதை மறுத்தது. அவரது விமானமும் சுடப்பட்டு, அவர் சிறைப்பட்டு, மார்ச் 1ஆம் நாள் அட்டாரி எல்லை வழியாகத் திரும்பினார். அவருடைய தந்தை ஏர் மார்ஷல் வர்த்தமானும் மிக்-21 ஓட்டியவரே. அதே செப்டம்பரில், அப்போதைய தளபதி தனோவா பதான்கோட்டில் அபிநந்தனுடன் ஒரே மிக்-21இல் பறந்தார்.

திரையில்

அந்த ஆண்டிலேயே, 2019 ஜூலை 31ஆம் நாள், இந்திய விமானப் படை 'எ கட் அபவ்' என்ற கைபேசி விளையாட்டை வெளியிட்டது. அதன் முன்னோட்டப் படத்தில் வந்த விமானியின் மீசையைப் பார்த்தவுடன் எல்லோரும் அபிநந்தனை நினைத்துக்கொண்டார்கள். இளைஞர்களைப் படையின்பால் ஈர்ப்பதே அதன் நோக்கம். விரலால் தொட்டு விளையாடும் எளிய விளையாட்டு அது.

இதற்கு நேர்மாறானது 'டிஜிட்டல் காம்பாட் சிமுலேட்டர்' என்பது. இதில் மிக்-21பிஸ் வகை விமானம் 2014இல் சேர்க்கப்பட்டது. நீலப்பச்சை வண்ணம் பூசிய விமானி அறை, அதில் ரஷ்ய மொழிப் பெயர்கள் பொறித்த விசைகள், முட்கள், விளக்குகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பெரும்பாலான விசைகளைச் சுட்டியால் தொட்டு இயக்கலாம். மின்கலம், எரிபொருள் பம்புகள் என்று வரிசை தப்பாமல் இயக்கினால்தான் எஞ்சினே உயிர்பெறும். முதல் நாள் உட்காரும் பிள்ளை, எதிரியைப் பார்ப்பதற்கு முன் எஞ்சினைக் கிளப்பவே திணறிப் போவான்.

'வார் தண்டர்' என்ற மற்றொரு விளையாட்டிலும் மிக்-21இன் பல வகைகள் உண்டு. அது விரைவான சண்டைக்கானது. உடனே வானில் ஏறிச் சுடலாம். ஒரே விமானம், விளையாட்டின் நோக்கத்திற்கு ஏற்ப இரு வேறு விதமாகத் தோன்றுகிறது.

ஒரு தரையிறக்கம்

சிமுலேட்டரில் மிக்-21 ஓட்டுபவர்களைக் கேட்டால், சண்டையை விடத் தரையிறங்குவதே கடினம் என்பார்கள். ஏன் என்று பார்ப்போம்.

ஓடுபாதையை நோக்கி வரும்போது சக்கரங்களை இறக்கி, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடல்களைத் தாழ்த்த வேண்டும். பிஸ் வகையில் எஞ்சினிலிருந்து எடுத்த காற்றை அந்த மடல்களின்மேல் ஊதித் தாங்குசக்தியைக் கூட்டும் ஏற்பாடு உண்டு. இதில்தான் சிக்கல். வேகம் அதிகமாக இருக்கிறதே என்று எஞ்சினைச் சட்டென்று குறைத்தால், ஊதும் காற்றும் குறைந்து விமானம் கல் போல் கீழே இறங்கும். பதறி மீண்டும் கூட்டினால், அந்தக் கால ஜெட் எஞ்சின் வேகம் பிடிக்கச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். மூக்கை மேலே தூக்கினால் முக்கோண இறக்கை இன்னும் வேகத்தை இழக்கும். ஆகவே வேகம், உயரம், எஞ்சின் மூன்றையும் சேர்த்தே கவனித்து, சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே வர வேண்டும்.

மணிக்கு 300 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 83 மீட்டர். இரண்டு நொடி தயங்கினால் 166 மீட்டர் கடந்துவிடும். தரையைத் தொட்டபின் வாலிலிருந்து ஒரு பாராசூட்டை விரித்து வேகத்தைத் தணிக்க வேண்டும்.

விளையாட்டில் முதல் நாள் விமானம் நொறுங்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் அதே ஓடுபாதை, அதே உயரம், முழு எரிபொருள். இருபதாவது முறை சக்கரம் உடையும். நூறாவது முறை ஒழுங்காக இறங்கும். விளையாட்டு தரும் மிகப் பெரிய கொடை இந்த மறுபடியும் தொடங்கும் வாய்ப்புதான். நம் இளம் விமானிகளுக்குப் பல ஆண்டுகள் கிடைக்காமல் இருந்ததும் இதை ஒத்த ஒன்றுதான்.

இடையில் இல்லாத படி

விமானப் படையில் சேரும் ஓர் இளைஞர் முதலில் சிறிய விமானத்திலும், பிறகு கிரண் என்ற பயிற்சி ஜெட் விமானத்திலும் கற்பார். கிரண் நம் நாட்டிலேயே உருவானது. நிதானமாகப் பறப்பது, தவறைப் பொறுத்துக்கொள்வது. இத்தகைய பயிற்சியைக் கற்பிக்கும் ஆசிரியர்களே சென்னையை அடுத்த தாம்பரத்தில் உள்ள பயிற்றுநர் பள்ளியில்தான் உருவாகிறார்கள்.

அடுத்த படி என்ன? கிரண், போலந்து நாட்டு இஸ்க்ரா போன்ற மெதுவான விமானங்களிலிருந்து, இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இளைஞர்கள் பலர் அசாமில் உள்ள தேஜ்பூருக்கு அனுப்பப்பட்டு, அங்கே நேராக மிக்-21இல் ஏற்றப்பட்டார்கள். மிக்-21க்கும் இருவர் அமரும் பயிற்சி வகை உண்டு. ஆனால் அதில் பின்னிருக்கை ஆசிரியருக்கு முன்னே உள்ள ஓடுபாதை தெரியாது. ஒரு பெரிஸ்கோப் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

மெதுவான விமானத்திற்கும் மிக்-21க்கும் நடுவே ஓர் உயர்நிலைப் பயிற்சி ஜெட் தேவை என்பது தெரியாத விஷயம் அன்று. ஏர் மார்ஷல் லா ஃபோன்டெய்ன் தலைமையிலான குழு 1982இலேயே இதைப் பரிந்துரைத்தது. பிரிட்டனிலிருந்து ஹாக் விமானங்களை வாங்கும் ஒப்பந்தம் 2004இல்தான் கையெழுத்தானது. முதல் ஹாக் விமானங்கள் கர்நாடகத்தின் பீதருக்கு வந்து படையில் சேர்ந்தது 2008இல். பரிந்துரைக்கும் விமானத்திற்கும் இடையே 26 ஆண்டுகள்.

2012இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. ஆண்டனி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குக் கொடுத்தார். வாங்கிய 872 மிக் வகை விமானங்களில் 482 விபத்துகளில் அழிந்தன. 171 விமானிகளும், பொதுமக்கள் 39 பேரும், பிற படைப்பிரிவுகளைச் சேர்ந்த 8 பேரும் உயிரிழந்தனர். மனிதத் தவறு, எந்திரக் கோளாறு இரண்டுமே காரணங்களாகச் சொல்லப்பட்டன. மகனை இழந்த பெற்றோர் சிலர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினர். 2006இல் வந்த 'ரங் தே பசந்தி' என்ற இந்திப் படமும் மிக் விபத்து ஒன்றை மையமாகக் கொண்டதே.

இதனால் மிக்-21க்குப் 'பறக்கும் சவப்பெட்டி' என்ற பெயர் வந்தது. இது நியாயமா? இந்த விமானத்தை ஓட்டிய பலர் ஒப்புக்கொள்ளவில்லை. எண்ணிக்கையில் அதிகம், அறுபது ஆண்டுகள் சேவை, எல்லா வேலைக்கும் பயன்பாடு. எனவே விபத்துகளின் கூட்டுத்தொகையும் அதிகம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஒற்றை எஞ்சின், பறவை மோதல், பழமை, உதிரிப்பாகம் என்று காரணங்களும் பல. பயிற்சி விமானம் ஒன்று வந்திருந்தால் எல்லா உயிர்களும் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு விமானம் கடினமானது என்று தெரிந்த பின்னும், அதற்கு ஏறிச் செல்லும் படியைக் கட்டாமல் கால் நூற்றாண்டு கழிந்தது. அந்தக் குறையை விமானத்தின் தலையில் சுமத்துவது சரியல்ல.

விளையாட்டு தராதவை

எவ்வளவு நுணுக்கமான சிமுலேட்டரும் சிலவற்றைத் தர இயலாது. கூர்மையாகத் திரும்பும்போது விமானியின் உடல் எடை ஏழு மடங்காகும். 60 கிலோ உடல் 420 கிலோவாகக் கனக்கும், கண் இருளும். ராஜஸ்தான் கோடையில் விமானி அறைக்குள் இருக்கும் வெப்பத்தைத் திரை காட்டாது. ஒவ்வொரு முறை விமானம் எழும்பும் முன்னும் திருகு திருகாகச் சோதிக்கும் தரைப் பணியாளர்கள் விளையாட்டில் பெரும்பாலும் இல்லை.

கீழே உள்ள ஊரும் விளையாட்டில் வெறும் படம்தான். 2023 மே 8ஆம் நாள் ராஜஸ்தானின் ஹனுமான்கட் மாவட்டத்தில் மிக்-21 ஒன்று ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானி பாராசூட்டில் தப்பினார். அந்த ஊர்ப் பெண்கள் மூவர் இறந்தனர். அவர்களுக்கு மறுபடி தொடங்கும் பொத்தான் இல்லை.

இவற்றைச் சொல்வது விளையாட்டை வெறுப்பதற்காக அல்ல. 1963இல் வந்த ஒரு விமானத்தின் குணத்தை 2014க்குப் பின் பிறந்த ஒரு சிறுவன் கையால் தொட்டு அறிய முடிகிறது என்றால் அது கல்விதான். அந்தக் கல்வி முழுமை பெற, திரைக்கு வெளியே உள்ள வரலாற்றையும் அவன் அறிய வேண்டும்.

பெற்றோருக்குச் சில யோசனைகள்

பிள்ளை இந்த விளையாட்டை ஆடினால், அருகில் அமர்ந்து ஒரு முறை தரையிறக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஏன் இவ்வளவு வேகத்தில் வருகிறாய் என்று கேளுங்கள். அவன் சொல்லும் விடையே ஓர் இயற்பியல் பாடமாக இருக்கும். பிறகு அஜய் அஹூஜாவின் கதையை நீங்கள் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளை இந்தப் பேச்சிலிருந்து விலக்கிவிட வேண்டாம். 2018இல் போர் விமானத்தைத் தனியாக ஓட்டிய முதல் இந்தியப் பெண் அவனி சதுர்வேதி ஓட்டியதும் மிக்-21தான். டெல்லியில் இருப்பவர்கள் பாலம் விமானப் படை அருங்காட்சியகத்தில் மிக்-21ஐ நேரில் காட்டலாம். இவ்வளவு சின்ன இறக்கையா என்று பிள்ளைகள் வியப்பார்கள்.

மாணவர்களுக்குப் பயிற்சி

1. டெல்லிக்கும் சென்னைக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். மணிக்கு 2,175 கிலோமீட்டர் வேகத்தில் எத்தனை நிமிடம் ஆகும்? மிக்-21 அந்த வேகத்தில் சென்னை வரை ஏன் போக முடியாது?

2. முக்கோண இறக்கையால் வரும் ஒரு நன்மை, ஒரு தீமை எழுதுக.

3. சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஒருவர் நேராக லாரி ஓட்ட முற்பட்டால் என்ன ஆகும்? இதை விமானிகளின் பயிற்சியோடு ஒப்பிட்டு ஐந்து வரிகள் தமிழில் எழுதுக.

சொல் அறிவோம்

ஓடுபாதை - விமானம் ஏறவும் இறங்கவும் ஓடும் தளம், ரன்வே. தாங்குசக்தி - இறக்கை விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் விசை, லிஃப்ட். இடைமறித்தல் - வரும் எதிரியை வழியிலேயே தடுத்தல், இன்டர்செப்ஷன். பயிற்றுநர் - கற்றுக்கொடுப்பவர், இன்ஸ்ட்ரக்டர். பாவிப்பு விமானம் - உண்மையான விமானம் போலவே நடித்துக் காட்டும் பயிற்சிக் கருவி, சிமுலேட்டர்.

கடைசிச் சொல்லை மட்டும் பிள்ளைகள் இரண்டு முறை சொல்லிப் பார்க்கட்டும். பாவிப்பில் எத்தனை முறை வேண்டுமானாலும் விழலாம். வானில் ஏறும் பிள்ளைக்கு ஒரு முறைதான். அந்த ஒரு முறைக்கு முன் அவனுக்குப் போதிய பயிற்சி கொடுப்பது பெரியவர்களின் கடமை.